ஃப்ரீ கியரில் விடவேண்டிய வண்டி

பெட்டியின் மேல் பனி மூடிய கார் ஒன்றின் படம் இருந்தது. கூரை, கண்ணாடி, பானெட் எல்லாம் வெள்ளை. பக்கத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவன் வீட்டு வாசலில் நின்று ரிமோட்டை நீட்டிக்கொண்டு சிரிக்கிறான். எதிர்வீட்டு வீரமுத்து அந்தப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டு வாசலில் எது வந்து இறங்கினாலும் முதலில் பார்ப்பது அவர்தான்.

"நல்லதுதான் கமலநாதன். நம்ம மாசாய் வெயில்ல பனி கொட்டுறப்ப ரொம்ப ஒதவியா இருக்கும்."

என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு வீரமுத்துவோடு ஒரு முறைப்பு.

எதற்காக அந்தப் பெட்டி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். எங்கள் மகன் ஜீவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், லீவு கிடைத்தால் வருவான். மற்றபடி காரில் கொண்டுபோவது, உட்கார்ந்திருப்பது, கூட்டி வருவது எல்லாம் நான்தான். மெஷினிலிருந்து கழற்றியதும் இடது கையில் ஊசி குத்தியிருந்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் நிற்கிற வரைக்கும் கையை எடுக்கக்கூடாது. அதுவும் என் வேலை. அதனால் நான் முன்னால் போய்க் காரைக் குளிர வைக்க முடியாது. டயாலிசிஸ் செண்டருக்குப் பின்னால்தான் கார் நிறுத்துமிடம். பேருக்கு ஒரு மரம் கிடையாது. மத்தியானம் எங்கள் பழைய வீரா காரின் கதவைத் திறந்தால் ரொட்டிக் கடைக்காரன் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும். ஏர்கோன் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. எங்களைப் போலத்தான்.

போன மாதம் ஒரு நாள், உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் இழுத்துவிட்டு வந்தவர் அந்தச் சூட்டில் போய் உட்கார்ந்தார். நான் சுற்றி வந்து சாவியைத் திருப்புவதற்குள் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிட்டது. கூப்பிட்டேன், பேச்சில்லை. செண்டர் நர்ஸ் மிஸ்ஸி தர்மினி ஓடி வந்து, சீட்டைப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பிடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

அடுத்த தடவை போகவேண்டிய நாளில் தலைவலி என்றார். அதற்கடுத்த தடவை, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மிஸ்ஸி போன் பண்ணினாள்.

"அண்ட்டி, அங்கள் ரெண்டு தடவ வரல. கால் வீங்கியிருக்கான்னு பாருங்க. இன்னும் விட்டா மூச்சு வாங்கும். அப்புறம் எங்க கையில இல்ல."

விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, சீக்கிரம் மேலே வரவில்லை.

"ஏங்க, வரமாட்டீங்களா?"

"டயாலிசிஸுக்கு வரமாட்டேன்னு சொல்லல. அந்தக் கார்ல உக்கார மாட்டேன்."

"கிராப் டாக்சி கூப்பிடவா?"

"போன தடவ அந்தப் பையன் மூஞ்சிய பாத்தியா? நான் வாந்தி எடுக்கறதுக்கு முன்னாடியே அவன் எடுத்துருவான் போல."

அந்த வாரம் சீட்டில் ஈரத் துண்டை விரித்து, கெஞ்சித்தான் கூட்டிப்போனேன். போகிற வழியெல்லாம் கைப்பேசியை நோண்டிக்கொண்டே வந்தார். அப்படித் தேடிக் கண்டுபிடித்ததுதான் அந்தப் பெட்டி. ரிமோட்டை அமுக்கினால் தூரத்தில் நிற்கும் கார் தானாக ஸ்டார்ட் ஆகும். கதவு பூட்டியபடி இருக்கும், ஏர்கோன் ஓடும். நாங்கள் பஞ்சு பிடித்து முடித்துப் போவதற்குள் உள்ளே குளிர்ந்திருக்கும்.

கடைத்தெருவில் கார் அலாரம் மாட்டுகிற பையனிடம் கொண்டுபோனோம். அவன் குனிந்து உள்ளே பார்த்து, கியர் தண்டைக் கண்டதுமே கையை ஆட்டினான்.

"மேனுவல் காடி அங்கள். இதுக்கு நான் மாட்ட மாட்டேன். கியர்ல இருக்கறப்ப அமுக்கிட்டா பாஞ்சிரும்லா."

"ஃப்ரீ கியர்ல விட்டா பாயாதுல்ல?"

"விட்டா பாயாது," என்றான் பையன். "விடணும்ல."

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "நானே மாட்டறேன். இது மாட்டிட்டா ஒரு நாள்கூட விடாம வர்றேன். சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

அவருக்கு வயர் புதிதில்லை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மோட்டார் பழுது பார்த்தவர். ஆனால் இப்போது இடது கையை மடக்கவோ அழுத்தவோ கூடாது. குனிந்தால் தலை சுற்றும். ஆகவே ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்தது நான். அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, மாட்டும் முறை அச்சடித்த தாளை மடியில் விரித்து, கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஐம்பத்தாறு வயதில் காலை வெளியே நீட்டிக்கொண்டு, கழுத்து பெடலில் இடிக்க, டார்ச் லைட்டைப் பல்லில் கடித்தபடி.

"அடியில இருக்கற மூடிய கழட்டிட்டியா?"

"ம்."

"சாவி ஓட்டைக்குப் பின்னால இருந்து தடியா வயர் வரும். டெஸ்ட் லைட்ட ஒவ்வொண்ணா வச்சுப் பாரு. நான் சாவிய திருப்பறேன். எரியுதா?"

"எரியுது."

"என்னா கலர்?"

"ஊதா மாதிரி இருக்கு."

"மாதிரின்னா என்னா மாதிரி?"

"அழுக்கா இருக்குங்க. நீங்க வந்து படுத்துப் பாருங்க."

அவர் மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து, 'ஸ்டார்ட்டர்' என்று எழுதிக் கீழே நீட்டினார். ஒட்டினேன். ஒவ்வொரு வயருக்கும் அப்படி ஒரு துண்டு. எழுத்து மட்டும் பழைய எழுத்தாக, குண்டு குண்டாக, கோணாமல் இருந்தது.

ஒரே நாளில் முடியவில்லை. டயாலிசிஸ் நாளில் தொட முடியாது, மறுநாள் காலையில் அவரால் எழுந்திருக்க முடியாது. நடுவில் கிடைத்த நேரத்தில் செய்தோம். நான் சமைத்துவிட்டு, காய்கறியை அவித்து உப்புச்சத்து போக அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துணியை உலர்த்திவிட்டு வந்து படுப்பேன். வயரைச் சேர்க்கும் முன்னால் பேட்டரி முனையைக் கழற்றியாச்சா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். கழற்றியாச்சு என்றாலும் இறங்கி வந்து பானெட்டைத் திறந்து பார்ப்பார்.

ஒரு வயரைப் பற்றி அவருக்குப் பெருமை. ஹேண்ட்பிரேக்கிலிருந்து வருவது.

"இது எதுக்குத் தெரியுமா? ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தாத்தான் ஸ்டார்ட்டே ஆகும். இழுக்கலன்னா சும்மா இருந்துரும். பாத்தியா, எல்லாத்துக்கும் யோசிச்சிருக்கான்."

எங்கள் வேலிக்கு வெளியே நின்று வீரமுத்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹேண்ட்பிரேக்க யாரு யோசிச்சா? ஒங்க காடி அது பிடிச்சு நிக்குதா? கேபிள் தொங்கிப்போயிருக்கு. நான் அடியில போய் முறுக்கித் தரவா?"

"வேணாம். பிடிக்குது."

"சமமா இருக்கற தரையில நான்கூடத்தான் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

"வேணாம்னு சொல்றேன்ல."

வீரமுத்து போய்விட்டார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"இனிமே வண்டிய நிறுத்தினா ஃப்ரீ கியர். கியர்ல விடக்கூடாது. ஞாபகம் வச்சுக்க."

"சரி."

எல்லாம் மாட்டி, மூடியைத் திருகி, பேட்டரியைச் சேர்த்த அன்று சாயந்தரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினார். சைட் லைட் இரண்டு தடவை சிமிட்டியது. ஸ்டார்ட்டர் இழுத்தது, எஞ்சின் பிடித்தது. உள்ளே யாரும் இல்லாமல் கார் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து வீரமுத்து கை தட்டினார்.

"பனி உருகிருச்சா?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். போன மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் செண்டருக்கு அவரே முதலில் கிளம்பி நின்றார். ரிமோட் சட்டைப் பையில். அன்றைக்குச் செண்டரின் பின்பக்கம் ஓர் இடம்தான் காலியாக இருந்தது, லோங்காங்கை ஒட்டி. எங்கள் இடுப்பளவு ஆழமுள்ள திறந்த சாக்கடை. தரை அதை நோக்கிக் கொஞ்சம் சரிவு. காரின் மூக்கு சாக்கடையைப் பார்க்கும்படி நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். அவருடைய போர்வை, தண்ணீர்ப் புட்டி, துண்டு, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். மெஷின் ஓடத் தொடங்கியதும் நாற்காலியில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

முடிந்து மிஸ்ஸி ஊசியை எடுத்தாள். நான் பஞ்சை வைத்து அழுத்தினேன். அவர் வலது கையால் ரிமோட்டை எடுத்தார். கட்டிலுக்கு நேரே பின்பக்கக் கண்ணாடி ஜன்னல். எங்கள் கார் நன்றாகத் தெரிந்தது.

"மிஸ்ஸி, இங்க வந்து பாருங்க."

"என்னா அங்கள், மேஜிக்கா?"

"பாருங்க."

அமுக்கினார். சைட் லைட் சிமிட்டியது. கார் குலுங்கியது, கயிற்றை இழுக்கிற ஆட்டைப் போல ஒரு தடவை, மறு தடவை. பிறகு மெதுவாக, யாரோ உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி முன்னால் போய் லோங்காங்கில் மூக்கை விட்டது. டொக் என்ற சத்தம் கண்ணாடியைத் தாண்டி வந்தது. பின் டயர் ஒன்று தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. எஞ்சின் நின்றுவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரர் "அலமாக்" என்றார், ஐயோ என்பது போல மெதுவாக.

நான் எழுந்து ஓட முடியாது. பஞ்சை அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலையே பார்த்தார்.

"கியர்லயா விட்ட?"

ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை, அதனால் உருண்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். வாய் வரைக்கும் வந்தது.

"ஆமா. கை தானா போட்டுருச்சு."

"ஃப்ரீ கியர்னு சொன்னேன்ல."

"நேத்துச் சொன்னீங்க. அதுக்கு முன்னாடி இருபது வருஷமா வேற சொன்னீங்க."

மிஸ்ஸி குனிந்து குழாயைச் சுற்றத் தொடங்கினாள்.

உண்மை அதுதான். முன்னால் சாஆ என்ற ஊரில் இருந்தபோது எங்கள் வீடு மேட்டில் இருந்தது. இதே காரில்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நிறுத்தியதும் முதல் கியரில் போடு, ஹேண்ட்பிரேக்கை நம்பாதே, கியரை நம்பு என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. மறந்துவிட்டு இறங்கினால் திரும்பி ஏறச் சொல்லுவார். அந்தக் கை இது. எத்தனையோ வருஷம் படித்த பாடத்தை ஒரு 'சரி'யில் மறக்கத் தெரியவில்லை அதற்கு.

பின்னால் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்களும் பக்கத்து பெங்கேல் பட்டறையில் டயர் மாற்றுகிற பையன்களும் சேர்ந்து, சத்து, டுவா, தீகா என்று மலாயில் எண்ணிக் காரைத் தூக்கி மேலே வைத்தார்கள். பம்பர் மடங்கியிருந்தது. ஒரு லைட் போயிருந்தது. மற்றபடி ஓடும் என்றார்கள். அவர் ஏறவில்லை.

"கிராப் கூப்பிடு."

கிராப்பில் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்துவிட்டு, இன்னொரு கிராப்பில் திரும்பி வந்து காரை எடுத்துக்கொண்டு போகவேண்டும். அதை நினைத்தாலே காலெல்லாம் வலித்தது. வண்டியில் அவர் பிளாஸ்டிக் பையை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பாதி வழியில் சொன்னார்:

"போதும் பிரேமலா."

"என்னா போதும்?"

"நீ அலையறது."

  டயாலிசிஸைத்தான் போதும் என்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ரிமோட்டை அந்தப் பனிப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைச் செருப்பு அலமாரி மேல் வைத்தார்.

இரண்டு நாள் பெட்டி அங்கேயே இருந்தது. ஜீவன் போன் பண்ணினான், நல்லா இருக்கோம் என்றேன். டயாலிசிஸ் நாள் வந்தது. காலையில் தோசை வார்த்துக்கொண்டே, எப்படிக் கேட்பது என்று யோசித்தேன். கெஞ்சலாம். கெஞ்சுவதற்குத் தெம்பில்லை. சண்டை போடலாம். அதற்கும் இல்லை. மிஸ்ஸியைப் போன் பண்ணிப் பேசச் சொல்லலாம், ஆனால் அவர் 'சரி சரி' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். வரமாட்டேன் என்று சொன்னால் இன்றைக்கு விட்டுவிடுவது, வீங்கினால் வீங்கட்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. தோசை கருகிவிட்டது.

தட்டோடு அறைக்குப் போனேன். கட்டில் காலி.

வாசலில் காருக்குள் இருந்தார். ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கை வலது கையால் எட்டி இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் அது கூரையைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

"வீரமுத்துவ கூப்பிடு."

"எதுக்கு?"

"கேபிள முறுக்கணும். என்னால படுக்க முடியாது. நீ படுத்தா ஒனக்கு முறுக்கத் தெரியாது."

வீரமுத்து கைலியை மடித்துக் கட்டியபடி வந்தார். மடங்கிய பம்பரைப் பார்த்தார், உடைந்த லைட்டைப் பார்த்தார். எதையாவது சொல்லாமல் இருக்க அவர் படுகிற பாடு முகத்தில் தெரிந்தது. கடைசியில் முடியவில்லை.

"இன்னக்கிப் பனி கொஞ்சம் கம்மிதான் போல."

"பேசாம அடியில போய்யா," என்றார் என் வீட்டுக்காரர்.

வீரமுத்து சிரித்துக்கொண்டே அட்டையை விரித்து அடியில் நுழைந்தார். உள்ளேயிருந்து, "இன்னும் இழுங்க... விடுங்க... இப்ப இழுங்க," என்று குரல் மட்டும் வந்தது. முடித்து வெளியே வந்ததும் வீட்டுக்குப் போய் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்த, எண்ணெய்க்கறை படிந்த கட்டை.

"லாரிக்கு வச்சிருந்தது. முன் டயருக்குக் கீழ செருகிருங்கம்மா. ஹேண்ட்பிரேக் விட்டாலும் இது விடாது."

என் வீட்டுக்காரர் காரை விட்டு இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், மூச்சு சீராகும் வரைக்கும். பிறகு செருப்பு அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்து ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"துண்ட எடு. நேரமாச்சு."

நான் கருகிய தோசையை உள்ளே வைத்துவிட்டு ஓடிவந்தேன், அவர் மனசு மாறுவதற்குள்.

செண்டரில் லோங்காங் பக்கம் போகவில்லை, வேறு இடம் கிடைத்தது. நிறுத்தினேன். கை முதல் கியருக்குப் போனது, பார்த்தேன், இழுத்து நடுவில் விட்டேன். ஹேண்ட்பிரேக். இறங்கிக் கட்டை. அவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே, மெஷின் முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும்போது கண்ணைத் திறந்தார்.

"ஃப்ரீ கியரா?"

"ஃப்ரீ கியர்தான். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"போய் ஒரு தடவ பாத்துட்டு வா."

போனேன். பின் கதவைத் திறந்ததும் வெயில் தலையில் உட்கார்ந்தது. தார் ரோடு செருப்பில் ஒட்டியது. காரைத் திறந்தேன், அந்தச் சூடு முகத்தில் அடித்தது. கியர் தண்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினேன். தடையில்லாமல் ஆடியது. சாவி கையிலேயே இருந்தது. இப்போதே ஸ்டார்ட் பண்ணி ஏர்கோனைப் போட்டுவிட்டு, ஊசி எடுக்கும்வரை நானே உட்கார்ந்திருந்தாலும் ஆகும். மிஸ்ஸியிடம் சொன்னால் பஞ்சை அவள் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்வாள். அது இன்றைக்குத்தான் தோன்றியது எனக்கு.

கதவைப் பூட்டிவிட்டுத் திரும்ப நடந்தேன்.

"ஃப்ரீ கியர்தான்."

"கட்டை?"

"இருக்கு."

மிஸ்ஸி ஊசியை எடுத்தாள். நான் அழுத்தினேன். அவர் ரிமோட்டை நீட்டி, ஜன்னலைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி அமுக்கினார். சைட் லைட் சிமிட்டியது. கார் ஒரு தடவை நடுங்கியது. நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கியது.

"இன்னக்கி எங்கயும் போகல அங்கள்," என்றாள் மிஸ்ஸி.

பக்கத்துக் கட்டில்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். என் வீட்டுக்காரர் பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினார், இதெல்லாம் ஒரு விஷயமா என்பது போல. ஆனால் ரிமோட்டைப் பையில் வைக்கவில்லை. நான் பஞ்சைப் பிடித்திருந்த நேரம் முழுக்கக் கையிலேயே வைத்திருந்தார்.

வெளியே வந்து அவருக்குக் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் சுற்றி வந்து ஏறினேன். வேர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது, அதில் காற்றுப் படப் பட உடம்பு சிலிர்த்தது. அவர் சீட்டைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு மெதுவாக, சீராக வந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்துச் சத்தம் இல்லாமல் கியரைப் போட்டேன்.

"கட்டைய எடுத்தியா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

எடுக்கவில்லை. கியரைத் திரும்ப ஃப்ரீயில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வெயிலில் இறங்கினேன்.